ஆறேழு ஆண்டு ஒலித்த இசை

குற்றாலத்தில் சாரல் தொடங்கி அருவி பெருகிவிட்டால், அங்கு நிற்போர் யாவரும் உரத்தே பேசுவர். அருவியின் முழக்கத்தை வென்றாலன்றி ஒருவர் சொல் மற்றவர் செவியைச் சேராது. தென்காசியிலிருந்து ஏறக்குறைய ஐந்து மைல் தொலைவிலுள்ள செங்கோட்டையில் பிறந்த ஒரு குரலை நினைக்கும்போதெல்லாம் அந்த அருவியே என் நினைவுக்கு வருகிறது. அக்குரலுக்குரியவர் எஸ். ஜி. கிட்டப்பா.

அவரைப் பற்றிப் பேச எனக்கொரு காரணம் உண்டு. நான் தலைமையாசிரியராக இருந்த நாளில் மாணவர் ஐவர், மின்கிதாரும் மேளமுமாக ‘ராக்’ இசைக்குழு ஒன்று அமைத்தனர். ஆண்டு விழாவில் பாட இசைவு கேட்டனர். “இது கூச்சல், இசையன்று” என்று நான் மறுத்துவிட்டேன். ஓராண்டுக்குள் அக்குழு கலைந்தது. நிலைக்காத ஒன்றுக்கு இத்தனை ஆரவாரமா என்று ஆசிரியர் அறையில் நகைத்தும் பேசினேன். பின்னர் ஒருநாள் கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டேன். அவர் வரலாற்றையும் தேடிப் படித்தேன். அன்று நகைத்ததற்காக நாணினேன்.

கிட்டப்பா 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் பிறந்தார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956-இல்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. வறுமை மிகுந்த குடும்பம். உடன்பிறந்தோர் நாடகத்தை நாடினர். பள்ளியில் பயில வேண்டிய இளம் பருவத்திலேயே கிட்டப்பாவும் மேடை ஏறினார். எழுத்தும் ஏடும் தராத கல்வியை நாடக மேடை அவருக்குத் தந்தது. பிற்காலத்தில் கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ நாடகம் அவர் புகழைத் தமிழகமெங்கும் பரப்பியது.

அந்நாளைய நாடக மேடையின் இயல்பை இன்றைய இளைஞர் அறிந்திருக்க மாட்டார்கள். ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில், தரையில் அமர்ந்திருக்கும் ஏழை இரசிகனுக்கும் பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும். எனவே உச்ச சுருதியில் பாடவல்லவரே இராஜபார்ட் நடிகராக நிலைக்க முடிந்தது. கிட்டப்பா அந்த உச்சத்திலும் இனிமை குன்றாமல் நின்றார். மின்னல் வெட்டுவது போன்ற பிருகாக்கள் அவர் குரலில் இயல்பாகவே உதிர்ந்தன. தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியம் அக்குரலுக்குத் துணை நின்றது. உரத்த ஓசை எல்லாம் கூச்சலாகிவிடாது என்பதை இங்கேதான் நான் உணர்ந்தேன்.

1926-ஆம் ஆண்டளவில் இலங்கையில் அவர் கே. பி. சுந்தராம்பாளோடு சேர்ந்து நடித்தார். கொடுமுடியில் பிறந்த அந்த அம்மையாரின் குரலும் கொட்டகையை நிறைக்கும் வெண்கலக் குரலே. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் அவர் வள்ளி, இவர் வேலன். தினைப்புனத்தில் இருவரும் பாட்டாலே வாதிடும் கட்டம் வந்தால், ஒருவர் எடுத்த இசையை மற்றவர் வாங்கி மேலே ஏற்றுவார். அவையோர் மீண்டும் பாடும்படி குரல் எழுப்புவர். 1927-இல் இருவரும் மணந்துகொண்டனர். தமக்கென ஒரு நாடகக் குழுவும் அமைத்தனர். காந்தியடிகளின் இயக்கம் வளர்ந்துவந்த அக்காலத்தில் தேசியப் பாடல்களும் அவர்கள் மேடையில் முழங்கின.

ஆனால் இல்லறத்தில் பிணக்குகள் நேர்ந்தன. கிட்டப்பாவின் உடலும் நலிந்தது. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 27. இருவரும் இணைந்து மேடையில் ஒலித்த காலம் ஆறேழு ஆண்டுகளே. சுந்தராம்பாள் இருபத்தைந்து வயதில் வெள்ளாடை உடுத்தார். 1935-இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடமேற்றுப் பாடினார்; 1953-இல் ‘ஔவையார்’ ஆனார். 1980-இல் தாம் மறையும்வரை அந்த வெள்ளாடையை அவர் களையவில்லை.

கிட்டப்பாவின் நடிப்பைக் காட்டும் திரைப்படம் நம்மிடம் இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-இலேயே வந்துவிட்டது. எனினும் அவர் மேடைக்கே உரியவராக வாழ்ந்து முடிந்தார். எஞ்சியவை இசைத்தட்டுகள் மட்டுமே. அந்நாளைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமளவே பாட இயலும். தியாகராஜரின் ‘எவரனி’ கீர்த்தனையை அவர் பாடிய தட்டைக் கேட்டால், விரிய வேண்டிய கற்பனை முழுவதும் அந்தச் சிறு காலத்துள் நெருக்கி அடைக்கப்பட்டிருப்பதை உணரலாம். மூன்று நிமிடமே இத்தகையதென்றால், விடியுமட்டும் நடந்த நாடகத்தில் அக்குரல் எவ்வாறு விளங்கியிருக்கும்!

ஓர் இசைக்குழு எத்தனை ஆண்டு நீடித்தது என்று கேட்பது வரலாற்றில் ஒரு கேள்விதான். முதற் கேள்வி அன்று. சாரலும் ஆண்டில் சில மாதங்களே வருகிறது. அதற்காக அதனை யாரும் இகழ்வதில்லை. ஆண்டு முழுதும் அதற்காகக் காத்திருக்கிறோம்.

அந்த ஐந்து மாணவருள் ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் குற்றாலத்தில் கண்டேன். நரை தோன்றிவிட்டது. அன்று நான் சொன்ன சொல்லுக்கு வருந்துவதாகக் கூறினேன். அதெல்லாம் மறந்துவிட்டதாக அவர் பணிவோடு சொன்னார். இப்போது பாடுவதுண்டா என்று கேட்டேன். பள்ளியை விட்ட பிறகு பாடவே இல்லை என்றார். அருவியின் இரைச்சலில் அவர் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நடிக்கலாமா என எண்ணினேன், இயலவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! ஒரு பிள்ளை மேடை கேட்டு வந்து நின்றால், இது நிலைக்குமா என்று முதலில் கேட்காதீர்கள். ஒருமுறை பாடச் சொல்லுங்கள். அதன் பிறகு உங்கள் கருத்தைக் கூறுங்கள்.