குரங்கு மலேரியா: 40 வருஷம் கண்ணுக்குத் தப்பிய நோய்

வெளிநாடு போயிட்டு வந்தவருக்குக் காய்ச்சல்னா, டாக்டர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: "எங்கே போயிருந்தீங்க?" ஏன்னு ஒரு வரலாற்றோட சொல்றேன்.

1/ 1965. மலேசியாவின் பகாங் காட்டில் நில அளவை வேலை செய்துவிட்டு அமெரிக்கா திரும்பினார் ஒருவர். குளிர்காய்ச்சல். ரத்தத்தில் மலேரியா கிருமி. முதலில் ஃபால்சிபாரம் என்றார்கள். பிறகு மைக்ராஸ்கோப்பில் இன்னும் கவனமாகப் பார்த்து, மலேரியே என்ற சாதுவான வகை என்றார்கள்.

2/ இரண்டுமே தப்பு! அவர் ரத்தத்தை ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். குரங்குகள் செத்துப்போயின. மனிதர்களுக்கு வரும் மலேரியே வகை அப்படிச் செய்யாது. அப்போதுதான் தெரிந்தது, இது குரங்குகளின் மலேரியாவான நோலெசி.

3/ இந்தக் கிருமி ஒன்றும் புதுசில்லை. 1932-லேயே நம்ம கல்கத்தாவில் நோல்ஸ், தாஸ் குப்தா என்ற இருவர் இதை ஆராய்ந்து, குரங்கின் ரத்தத்தை ஊசியில் செலுத்தினால் மனிதருக்கும் தொற்றும் என்று காட்டியிருந்தார்கள். நோல்ஸ் பெயர்தான் கிருமிக்கும். ஆனால் காட்டில் இயற்கையாகவே மனிதருக்குத் தொற்றும் என்பது உறுதியானது 1965-ல்தான்.

4/ அதன் பிறகும் "இது அபூர்வம்" என்று விட்டுவிட்டார்கள். 2004-ல் வெளியான ஆய்வில் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழுவினர் சரவாக்கின் காப்பிட் பகுதியில் 208 மலேரியா நோயாளிகளின் ரத்தத்தை பிசிஆர் முறையில் சோதித்திருந்தார்கள். 120 பேருக்கு நோலெசி! மைக்ராஸ்கோப்பில் அதில் பெரும்பாலானவை மலேரியே என்றே எழுதப்பட்டிருந்தன. இரண்டும் பார்க்க அப்படி ஒரே மாதிரி இருக்கும்.

5/ பேர் மாறினால் என்ன என்கிறீங்களா? மலேரியே 72 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் பெருகும். நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை. சாது என்று நினைத்து ரெண்டு நாள் தாமதித்தால் சிறுநீரகம், நுரையீரல் பாதிக்கும். உயிரே போகலாம்.

6/ மலேசியாவில் 2018 முதல் உள்ளூரில் பரவும் மனித மலேரியா இல்லை. குரங்கு மலேரியா இன்னும் இருக்கு. சாதாரண ரேபிட் டெஸ்ட் இதைத் தவறவிடலாம்.

7/ நமக்கு மலேசியாவில் சொந்தபந்தம் அதிகம். ஊர் சுற்றிப் பார்த்துட்டு வந்தவங்க பயப்பட வேண்டாம். காடு, தோட்டம் பக்கம் தங்கிட்டு வந்து சில வாரத்தில் காய்ச்சல் வந்தா, டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா மருந்துக்கு நல்லாவே கட்டுப்படும்.

அந்த ஒரு வரி உங்க உயிரைக் காப்பாத்தலாம்.