கண்ட வெற்றியும் காணாத் தீர்ப்பும்

விளையாட்டு பொழுதுபோக்கு மட்டும் அன்று. அஃது ஓர் அறமன்றமும் ஆகும். விதி ஒன்று, களம் ஒன்று, காண்போர் பலர் என்னும் மூன்றும் கூடிய இடத்திலேயே வெற்றி வெற்றியெனக் கொள்ளப்படும். இக்கொள்கை தமிழர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 80 முதல் 82 வரையுள்ள பாடல்களைச் சாத்தந்தையார் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின்மேல் பாடினார். அவற்றுள் முதற்பாட்டு, கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைக் கூறுவது. கிள்ளிக்கும் அவன் தந்தை தித்தனுக்கும் மனவேறுபாடு இருந்தது. தந்தை உவப்பினும் உவவாதொழியினும் இம்மற்போரை அவன் காணல் வேண்டும் எனப் புலவர் விழைகின்றார். வெற்றிக்குச் சான்று காட்சியே. காண்பான் விருப்பு வெறுப்புகள் அதனை மாற்றா என்னும் கருத்து இதனால் பெறப்படும்.

இம்மரபு அண்மைக் காலம்வரை தொடர்ந்ததற்கு வடசென்னை சான்றாகும். இராயபுரம் முதலிய துறைமுகப் பகுதிகளில் 20-ஆம் நூற்றாண்டில் செழித்த குத்துச்சண்டை, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைப் பெயர்களால் வழங்கிற்று. ஆசான் ஒருவர், அவர்வழி மாணவர் பலர். வெற்றி தோல்விகள் ஊர் கூடிய மேடையில், எல்லோர் கண்முன்னும் முடிவாயின.

இக்கால விளையாட்டின் நிலை வேறு. களத்தில் ஓடுவோர் ஒருவர். அவர் ஓடலாமா என்று முடிவு செய்வோர் வேறொருவர். அம்முடிவு பன்னாட்டுக் கழகங்களின் மூடிய அறைகளில் பிறக்கின்றது. ஆதலின் கழகங்களின் ஆட்சி செவ்விதாக நடைபெறுகின்றதா என்பது விளையாட்டு வீரரின் வாழ்வையே தொடும் வினாவாகின்றது. தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கதக்குறிச்சியில் 1981-இல் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். பெற்றோர் செங்கற்சூளைத் தொழிலாளர். 2005-இல் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் இவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2006 டிசம்பர் 9-ஆம் நாள் தோகா ஆசிய விளையாட்டில் அதே ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 நொடியில் முடித்து மீண்டும் வெள்ளி வென்றார். சில நாள்களுள் பாலினச் சோதனை ஒன்று நடத்தப்பட்டது, பதக்கமும் பறிக்கப்பட்டது. சோதனையின் நோக்கம் தமக்கு விளக்கப்படவில்லை என்றும், முடிவைத் தொலைக்காட்சிச் செய்தியால் அறிந்ததாகவும் பின்னாளில் அவர் கூறியுள்ளார். அவருடைய மருத்துவக் குறிப்புகள் உலகெங்கும் செய்தியாயின. அவற்றை இக்கட்டுரை மீண்டும் எடுத்துரைக்கவில்லை. மறைவாக இருக்க வேண்டியது வெளிப்பட்டதே இவ்வரலாற்றின் முதற் குற்றமாதலின் என்க.

இச்சோதனையின் தோற்றம் அறியற்பாலது. 1966-இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் பெண்கள் உடற்பார்வைக்கு உட்படுத்தப்பட்டனர். அம்முறை இழிவெனக் கருதப்படவே, நிறப்புரிச் சோதனை அதன் இடத்தைப் பெற்றது. 1967-இல் போலந்து நாட்டு ஓட்டக்காரி ஏவா குளோபுகோவ்ஸ்கா அதனால் விலக்கப்பட்டார். 1968 ஒலிம்பிக்கில் அது நிலைபெற்றது. ஆயின் ஒருவர் பெண்ணாதலை நிறப்புரி ஒன்றே அறுதியிட்டுக் கூறாது என மரபியல் அறிஞர் பலர் எடுத்துக்காட்டினர். எல்லாப் பெண்களையும் சோதிக்கும் வழக்கத்தைப் பன்னாட்டுத் தடகளக் கழகம் 1992-இலும், ஒலிம்பிக் குழு 1999-இலும் கைவிட்டன. எனினும் ஐயம் எழுந்தவரைத் தனித்துச் சோதிக்கும் உரிமையை அவை விட்டிலை. எல்லோர்க்கும் பொதுவாயிருந்த சோதனை, சிலர்மேல் மட்டும் விழும் சோதனையாயிற்று. தோகாவில் நிகழ்ந்தது அதுவே.

இதே இடர் பிறநாட்டார்க்கும் நேர்ந்தது. ஸ்பெயின் நாட்டுத் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தினோ 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் சோதனையில் தவறினார். அடுத்த ஆண்டு செய்தி வெளிப்படவே, உதவித்தொகையும் பதிவுகளும் இழந்தார். ஆயினும் மரபியல் அறிஞர் துணைநிற்க வாதாடி, 1988-இல் மீண்டும் ஓடும் உரிமை பெற்றார். ஒடிசாவின் தூத்தி சந்த் 2014-இல் விலக்கப்பட்டார். இந்திய விளையாட்டு ஆணையம் அவர்க்குத் துணைநின்றது. லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் 2015 சூலையில் அவ்விதியை நிறுத்திவைத்தது. 2016-இல் அவர் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார்.

இவ்விருவரோடு சாந்தியை ஒப்புநோக்குக. ஆற்றலிலோ துணிவிலோ அவர் குறைந்தாரல்லர். குறைந்தது துணை. அவர் சார்பில் அந்நடுவர் மன்றத்தில் வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. தமிழ்நாட்டு அரசு 15 இலட்சம் ரூபாய் வழங்கிற்று; அவரும் புதுக்கோட்டையில் சிறுவர்க்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். ஆயினும் 2012-இல் அவர் செங்கற்சூளையில் கூலிவேலை செய்வதாகச் செய்தி வந்தபோதே நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. பின்னர்ப் பெங்களூரில் பயிற்றுநர் கல்வி பயின்று, 2016-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நிலையான பயிற்றுநர் ஆனார். பத்தாண்டுக் காலம் கடந்து கிடைத்தது வேலை, பதக்கம் அன்று.

இவற்றால் பெறப்படுவன மூன்று. சோதிக்கப்படுவோர்க்கு அவர்தம் மொழியில் காரணம் கூறப்படல் வேண்டும் என்பது ஒன்று. உடல் பற்றிய குறிப்பு மறைவாகக் காக்கப்படல் வேண்டும் என்பது மற்றொன்று. முடிவை எதிர்த்து வாதாட வழியும் பொருளும் துணையும் அளிக்கப்படல் வேண்டும் என்பது மூன்றாவது. போட்டி நேர்மையைக் காக்கும் கடமை கழகங்கட்கு உண்டு; அதனை மறுப்பாரில்லை. ஆயின் அக்கடமையைக் காட்டி இம்மூன்றையும் கைவிடுதல் நேர்மையாகாது.

சிக்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை. தென்னாப்பிரிக்க வீராங்கனை காஸ்டர் செமன்யாவின் வழக்கில், சுவிட்சர்லாந்து நீதிமன்றம் முறையான விசாரணை அளிக்கவில்லை என ஐரோப்பிய மனித உரிமை மன்றத்தின் பேரவை 2025 சூலையில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல், பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளில் ஓடுவோர்க்கு மரபணுச் சோதனையை உலகத் தடகளக் கழகம் கட்டாயமாக்கிற்று. 1999-இல் மூடிய கதவு மீண்டும் திறந்தது.

இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆட்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. விளையாட்டுத் தீர்ப்பாயம், கழகங்களின் நிருவாகத்தில் வீரர்க்கு இடம், பெண்டிர்க்கும் சிறார்க்கும் பாதுகாப்பு என்பன அதன் நற்கூறுகள். ஆயின் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு முதலியவற்றில் எழும் வழக்குகள் அத்தீர்ப்பாயத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டன. எனவே தோகாவில் நிகழ்ந்தது போன்றதொன்று நாளை நிகழினும், வீரர் லோசானுக்கே செல்லல் வேண்டும். அங்கே அவருடன் செல்வார் யார் என்பதே இன்று விடை வேண்டி நிற்கும் வினா.

மாதவரம், திருவொற்றியூர் போன்ற தொழிற்பகுதிகளின் திடல்களில் உழைப்பாளர் வீட்டுச் சிறுமியர் ஓடிப் பயில்கின்றனர். அவர்க்குக் காலணியும் ஊட்டமும் அளித்தல் நன்று. அவற்றோடு, கையொப்பம் இடுமுன் தாளைப் படித்துப் பொருள் சொல்ல ஒருவரையும், இடர் வந்துழி வாதாட ஒருவரையும் கழகங்கள் முன்னரே அமர்த்துதல் வேண்டும். தித்தன் உவவானாயினும் கிள்ளியின் வெற்றி பாட்டில் நின்றது. சாந்தி ஓடி முடித்த 2 நிமிடம் 3.16 நொடியையும் கண்டார் பலர். பதிவேடு அதனை நீக்கியதாயினும் வரலாறு நீக்குதல் கூடாது.