ஹேர்மிஸ் கப்பலும் ஹைப்பர்சோனிக் ஏவுகணையும்



2025 ஜூனில் ஈரானும் இஸ்ரேலும் மோதிய நாட்களில் நம்ம வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு: "ஹைப்பர்சோனிக்காம், உலகத்தில் ஒருத்தராலும் தடுக்க ஏலாதாம்." வகுப்பிலும் பிள்ளைகள் கேட்டார்கள், "சேர், மெய்தானா?" என்று. இதற்குப் பதில் சொல்ல நம்ம கடலில் நடந்த ஒரு கதையிலிருந்தே தொடங்கலாம்.

1942 ஏப்ரல் 4. ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதை, கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் வானிலிருந்து கண்டார். செய்தியை அனுப்பினார், அவருடைய விமானமும் சுட்டு வீழ்த்தப்பட்டது. அப்படி எச்சரிக்கை வந்தும், மறுநாள் காலை குண்டுவீச்சு விமானங்கள் கொழும்புக்கு வந்தபோது இரத்மலானையில் போர் விமானங்கள் இன்னும் தரையில்தான் நின்றன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. முந்தின இரவே அங்கிருந்து வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் எதிரி விமானங்கள் கண்டுபிடித்தன. அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. உதவி விமானங்கள் வந்து சேரும்போது கப்பல் மூழ்கிவிட்டது. 307 பேர் மாண்டார்கள். அந்தக் கப்பல் இன்றும் நமக்கு வடக்கே கடலடியில் கிடக்கிறது.

பிள்ளைகளுக்கு நான் சொன்னது இதுதான்: தடுப்பது என்பது முதலில் நேரக் கணக்கு. எப்போது கண்டோம், எத்தனை நிமிடம் மிச்சம் என்பதே கேள்வி.

இனி ஏவுகணைக்கு வருவோம். ஒலியைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் போனால் அது ஹைப்பர்சோனிக். ஆனால் சாதாரண நெடுந்தூர பலிஸ்டிக் ஏவுகணையும் இறங்கும்போது அந்த வேகத்தில்தான் வருகிறது. ஆகவே புதுமை வேகத்தில் இல்லை, போகும் வழியில் இருக்கிறது. பலிஸ்டிக் ஏவுகணை எறிந்த கல்லைப் போல வளைந்து உயர்ந்து விழும். அதன் பாதையைக் கணக்கிட முடியும். கிளைடர் வகை ஆயுதத்தை ரொக்கெட் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். பிறகு அது எஞ்சின் இல்லாமல், தன் தட்டையான உருவத்தால் காற்றில் ஏறி, பல பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் சறுக்கிக்கொண்டே இடமும் வலமும் திரும்பும்.

கடற்கரையில் நின்று பாருங்கள். தூரத்துத் தோணியின் அடிப்பகுதி முதலில் மறையும், ஏனென்றால் பூமி வளைந்திருக்கிறது. தரையில் உள்ள ராடாருக்கும் இதே கதிதான். 500 கி.மீ. உயரத்தில் வரும் பொருள் ஏறக்குறைய 2,400 கி.மீ. தூரத்திலேயே அடிவானத்துக்கு மேல் வந்துவிடும். 50 கி.மீ. உயரத்தில் வருவது ஏறக்குறைய 800 கி.மீ. தூரத்தில்தான் தெரியும். இரண்டும் செக்கனுக்கு 2.5 கி.மீ. வேகத்தில் வந்தால், முன்னதற்கு 16 நிமிடம் கிடைக்கும், பின்னதற்கு ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல்.

அப்படியென்றால் தடுக்கவே முடியாதா? அப்படியும் சொல்ல முடியாது. எஞ்சின் இல்லாததால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அது வேகத்தை விலையாகக் கொடுக்கிறது. காற்றில் உரசி நெருப்பாய்ச் சுடுவதால் அந்த வெப்பத்தை விண்வெளியிலிருந்து பார்க்கலாம். அதற்கென்றே 2024 பெப்ரவரியில் அமெரிக்கா செய்மதிகளை அனுப்பியது. அன்று பேர்ச்சல் செய்த வேலையை இன்று அவை இன்னும் உயரத்திலிருந்து செய்கின்றன. 2023 மே மாதம் ரஷ்யா "தடுக்க முடியாது" என்று சொன்ன கின்ஸால் ஏவுகணையை கியேவில் பேட்ரியட் வீழ்த்தியது. ஆனால் கின்ஸால் கிளைடர் அல்ல, விமானத்திலிருந்து ஏவும் பலிஸ்டிக் வகை. பேட்ரியட்டும் தன்னைச் சுற்றிய சிறிய பகுதியை மட்டுமே காக்கும். கிளைடரை நடுவழியிலேயே மறிக்கும் ஆயுதத்தை அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து உருவாக்க 2024 மே மாதம் உடன்பட்டன. 1942இல் ஒன்றையொன்று அழித்த நாடுகள் அவை.

இது தூரத்துச் சங்கதியும் அல்ல. 2024 நவம்பர் 16 அன்று ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து இந்தியா 1,500 கி.மீ.க்கு மேல் செல்லக்கூடிய ஹைப்பர்சோனிக் ஏவுகணையைச் சோதித்தது. நம்ம முன்னால் கிடக்கும் அதே வங்கக் கடல்தான் அது.

ஆகவே பிள்ளைகளுக்கு என் பதில்: தடுப்பது கடினம், ஆனால் முடியாத காரியம் அல்ல. "யாராலும் ஏலாது" என்பதும் "எல்லாவற்றையும் தடுப்போம்" என்பதும் விற்பவர்களின் பேச்சு.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். ஏவுகணை யாருடையது என்று பார்த்துக் கைதட்டு அனுப்பும் முன், அது விழும் இடத்தில் இருக்கும் உம்மாவுக்கும் பிள்ளைக்கும் எத்தனை நிமிடம் கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள். எச்சரிக்கை வராத காலை எப்படி இருக்கும் என்று 2004 டிசம்பர் 26இல் நாம் கண்டவர்கள். மருதமுனைக்கும் கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.