பகிடியில தொடங்கின மெட்டல்

மெட்டல் எண்டா இங்கிலீசிலதான் கத்தவேணும் எண்டு நினைச்சிருந்தம். மன்னாரில எங்களுக்கு அந்த நினைப்பை உடைச்சது பிளட்டிவுட்.

2016இல் புது டெல்லியில் கரண் கட்டியார், ஜயந்த் பதூலா என்ற இருவர் இதைத் தொடங்கினார்கள். கரண் சட்டம் படித்தவர். கிட்டார், புல்லாங்குழல், ஒலிப்பதிவு அவர் பொறுப்பு. குரல் ஜயந்த். பொப் பாட்டுகளை மெட்டலாக்கி யூடியூபில் பகிடி பண்ணுவதுதான் ஆரம்ப வேலை. அதுகளை ஒருக்காக் கேட்டுச் சிரிக்கலாம், அவ்வளவுதான்.

2018இல் 'அரி அரி' வந்தது. அதுவும் மறுவடிவம்தான், ஆனா பகிடி இல்லை. ராப் பாட ரவுல் கெர் வந்தார். அதே வருசம் 'ஜீ வீரே', மனச்சோர்வைப் பற்றிய சொந்தப் பாட்டு. 2019இல் ஜெர்மனியின் வாக்கன் மேடை. 2022இல் 'ரக்ஷக்' இசைத்தொகுப்பு. அதில் 'தனா தன்' பாலியல் வன்முறைக்கு எதிரான கோபம். இங்கே டோல் மேளம் கறிவேப்பிலை இல்லை. டோல் முன்னால போகுது, கிட்டார் அதைத் துரத்துது. 2025இல் வந்த 'நு டெல்லி' இன்னும் மினுக்கம். எங்களுக்கென்னவோ 'ரக்ஷக்'கின் கரடுமுரடுதான் பிடிக்கும்.

ஹிந்தி எங்களுக்கு விளங்காது. டோல் விளங்கினது. அதால ஊர்க் கூத்து மத்தளத்தை போனில பதிஞ்சு, மேல கிட்டார் அடிச்சுப் பார்த்தம். அண்ணாவியாருக்குப் போட்டுக் காட்டினம். சத்தத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல.

"ரெண்டாவது அடியில தாளம் பிழைக்குது, தம்பியவை" எண்டார்.