2⁶⁷ − 1: ஓர் எண்ணின் வரலாறு

இரண்டை 67 முறை பெருக்கி, விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 கிடைக்கும். இந்த 21 இலக்க எண் 250 ஆண்டுகளுக்கும் மேலாகக் கணிதவியலாளர்களின் ஏடுகளில் இடம்பெற்றிருந்தது. அதில் பெரும்பகுதிக் காலம் அது பகா எண்ணாகவே கருதப்பட்டது.

அப்படிக் கருதக் காரணம் பாரிஸ் நகரத் துறவி மரென் மெர்சென். 1644இல் வெளியிட்ட நூலில், 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே இவ்வகைப் பகா எண்களைத் தரும் என்று அவர் எழுதினார். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11ஆம் அடுக்கு தரும் 2047, 23 × 89 ஆகிவிடும். பட்டியலின் பெரிய எண்களை அவரால் சோதித்திருக்கவே முடியாது. ஆனால் மறுக்கவும் அன்று ஆளில்லை.

1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார் லூக்கா, 67ஆம் அடுக்கு தருவது பகு எண் என்றார். அவருடைய வழி விந்தையானது. அது எண்ணை வகுத்துப் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட தொடர் ஒன்றின் உறுப்புகளை அந்த எண்ணால் வகுத்து மீதிகளைக் கணக்கிட்டுச் செல்கிறது. உரிய இடத்தில் மீதி பூச்சியமாகாவிட்டால் அது பகா எண் அன்று. பின்னர் 1930களில் கணிதவியலாளர் லேமர் செப்பனிட்ட வடிவில் இச்சோதனை மிக எளிது: 4இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2ஐக் கழித்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு 65 முறை செய்தால் போதும். இறுதி மீதி பூச்சியமாகாவிட்டால் காரணிகள் உண்டு என்பது உறுதியாகும். அவை எவை என்பது தெரியாது. ஓர் எண்ணைப் பகு எண் என்று அறிவதும் அதைப் பகுப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்நாளில் இல்லை.

காரணிகளைத் தேடுவோருக்கு இரண்டு பிடிகள் இருந்தன. இந்த எண்ணின் பகாக் காரணி ஒவ்வொன்றும் 134இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இவ்வளவு வடிகட்டிய பிறகும் சிறிய காரணியை எட்டுமுன் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட எண்கள் எஞ்சின. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் இருபடி எச்சங்களை (வர்க்க எண்களை வகுத்தால் வரும் மீதிகளை)க் கொண்டு அந்தக் குவியலை மேலும் சுருக்கினார். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் விடையை முன்வைத்தார்:

193707721 × 761838257287.

அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் 2⁶⁷ − 1இன் மதிப்பையும் இந்தப் பெருக்கலையும் போட்டுவிட்டு, கைதட்டலுக்கு நடுவே அமர்ந்ததாகவும், மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என்றதாகவும் கணிதவியலாளரும் எழுத்தாளருமான எரிக் டெம்பிள் பெல் எழுதியிருக்கிறார். பெல் கதைகளுக்கு மெருகேற்றுபவர் என்பதால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பெருக்கலை எவரும் தாளில் சரிபார்க்கலாம்.

மெர்சென் பட்டியலின் பிற பிழைகளும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் 1883இல் 61ஐயும், அமெரிக்கரான பவர்ஸ் 1911இல் 89ஐயும் 1914இல் 107ஐயும் சேர்த்தனர். 257 நீக்கப்பட்டது. ஆனால் அந்த அடுக்கு தரும் எண்ணின் மிகச் சிறிய காரணியான 535006138814359 கிடைக்கக் கணினிகளின் காலம் வரவேண்டியிருந்தது.