மரித்தோரைத் தேடி வருகிறவர்கள்



உபாகமம் 21-ஆம் அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனங்களை நாம் பெரும்பாலும் விரைவாய்க் கடந்துவிடுகிறோம். வெளியிலே ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. அப்பொழுது மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டுப் போய், அவன் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றியுள்ள பட்டணங்கள்வரை தூரத்தை அளக்க வேண்டும். மிக அருகிலுள்ள பட்டணத்தின் மூப்பர்கள் தேவசமுகத்தில் அந்த இரத்தத்திற்காக மன்னிப்பு வேண்ட வேண்டும். கேட்பாரற்றுக் கிடக்கும் பிணத்தின் பொருட்டு ஒரு பட்டணமே பதில் சொல்ல வேண்டும் என்பது கர்த்தருடைய கட்டளை.

பிற்காலத்து இங்கிலாந்தில் இப்பணி வேறொரு நோக்கத்தோடு தொடங்கியது. முதலாம் ரிச்சர்டு மன்னனின் ஆட்சியில், 1194-ஆம் ஆண்டு, கொரோனர் பதவி முறைப்படுத்தப்பட்டது. கிரீடம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. திடீர் மரணங்களை அவர்கள் விசாரித்தது பெரிதும் அரசனுக்குச் சேர வேண்டிய அபராதத்திற்காகவே. அப்பதவி அமெரிக்காவுக்கும் சென்றது. மருத்துவம் அறியாதோரும் அதை வகித்தனர். நியூயார்க் நகரம் 1918-இல் அதற்குப் பதிலாகத் தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தை ஏற்படுத்தி, டாக்டர் சார்லஸ் நாரிஸை அதன் தலைவராக்கியது.

2001 செப்டம்பர் 11 அன்று அவ்வலுவலகத்தின் தலைவராயிருந்த டாக்டர் சார்லஸ் ஹிர்ஷ் தம் பணியாளர்களோடு உலக வர்த்தக மையத்துக்கு விரைந்தார். கோபுரம் இடிந்தபோது காயமடைந்தார். ஆயினும் மாண்டோரை அடையாளம் காணும் பணியை அவரே முன்நின்று நடத்தினார். அங்கே உயிரிழந்த 2,753 பேரில் ஏறத்தாழ 1,100 பேர் இன்னும் அடையாளம் காணப்படவில்லை. ஆண்டுகள் பல கடந்தும் மரபணுச் சோதனை கைவிடப்படவில்லை.

ஆபத்தில் முதலில் ஓடிவருவோர் என்றால் தீயணைப்பு வீரரும் காவலரும் ஆம்புலன்ஸ் பணியாளருமே நம் நினைவுக்கு வருகின்றனர். அமெரிக்காவில்கூட மரண விசாரணையாளர்கள் அவ்வரிசையில் பெரும்பாலும் எண்ணப்படுவதில்லை. காப்பாற்ற அங்கே உயிர் இல்லையே என்பர். ஆனால் அதே இடிபாட்டில் அவர்களும் நிற்கிறார்கள். அதே கோரத்தைக் கண்டு, அதன் பாரத்தை வீட்டுக்குச் சுமந்து செல்கிறார்கள். மகன் எங்கே என்று கதறும் தாய்க்கு உறுதியான பதிலைத் தேடித் தருகிறவர்களும் அவர்களே. மரித்தவரிடம் வருகிறவர் உண்மையில் உயிரோடிருப்பவர்களுக்காகவும் வருகிறார். உயிர் காப்போருக்கு உரிய மதிப்பும் மனநல ஆதரவும் அவர்களுக்கும் உரியவை.

லாசரு மரித்து நான்கு நாளான பின்பே இயேசு பெத்தானியாவுக்கு வந்தார். காலம் கடந்துவிட்டதென்றே சகோதரிகள் எண்ணினர். அவரோ, அவனை எங்கே வைத்தீர்கள் என்று விசாரித்தார், கண்ணீர் விட்டார், கல்லறையண்டைக்குச் சென்றார். மரணம் நிகழ்ந்த இடத்திற்கு வர நம் ஆண்டவர் தயங்கவில்லை.

இவ்வாரம் நம் ஜெபங்களில், பிணவறைகளிலும் விபத்து நடந்த சாலைகளிலும் பணிசெய்வோரை நினைவுகூருவோம். மரித்தோரை மறவாத தேவன் அவர்கள் கைகளைத் திடப்படுத்துவாராக. ஆமென்.