ஓலையும் தோள்குறியும்

பெண்ணாடத்திலும் திருவெண்ணெய்நல்லூரிலும் பேச்சு ஒன்றுதான்: இவன் என் ஆள். வெண்ணெய்நல்லூரில் அதற்கு ஓலை சாட்சி; பெண்ணாடத்தில் தோளில் விழுந்த குறி சாட்சி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தை ஒருமுறை வக்கீல் குமாஸ்தாவின் கண்ணோடு படித்துப் பாருங்கள். ஆவணத்தை மெய்ப்பிப்பது ஒரு வித்தை, பொருளை மெய்ப்பிப்பது வேறொரு வித்தை என்பது தெரியும்.

ஓலை வழக்கு ஊரறிந்தது. சுந்தரரின் கல்யாணப் பந்தலில் கிழவர் வேடத்தில் சிவன் வந்து, "உன் பாட்டன் எழுதித் தந்த அடிமை ஓலை இருக்கிறது" என்கிறார். மாப்பிள்ளை பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது. (நம் பத்திர எழுத்தர்கள் பாராட்ட வேண்டிய கட்சிக்காரர்.) வெண்ணெய்நல்லூர் அவை ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி மூன்றில் எதைக் காட்டுவாய் என்று கேட்கிறது. கிழவர் ஆவணத்தைக் காட்டச் சம்மதிக்கிறார், கிழிக்க விடமாட்டோம் என்று அவை உறுதி சொன்ன பிறகுதான்.

இனி நடப்பதுதான் ருசி. கரணத்தான் ஓலையை வாசிக்கிறான். மேலெழுத்து இட்டவர்கள் எழுத்தைப் பார்த்து ஒக்கும் என்கிறார்கள். இது பாட்டன் எழுத்துத்தானா பார் என்று அவை சுந்தரரைக் கேட்டதும், இவனுக்கு அதை அறியும் தகுதி உண்டா என்று கிழவர் தடுக்கிறார். சரியான ஆட்சேபம். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 47ஆம் பிரிவும் அதையே கேட்டது: கையெழுத்தை அடையாளம் சொல்பவர் அதில் பழகியவராக இருக்க வேண்டும். அதனால் காப்பிலிருந்து பாட்டனின் வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்பிடுகிறார்கள், இரண்டும் ஒத்துப்போகின்றன. இது 73ஆம் பிரிவின் வேலை. இன்று அந்த இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் 72ஆம் பிரிவு இருக்கிறது.

ஒரு குறை மட்டும். ஒப்பிட்டதும் தீர்ப்புச் சொன்னதும் அதே அவை. நீதிபதி தாமே கையெழுத்து நிபுணராகிவிடுவதில் எச்சரிக்கை வேண்டும் என்று 1978இல் பாலிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிமை ஓலையே இன்று செல்லாது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். நான் பார்ப்பது நிரூபித்த முறையை மட்டுமே.

பெண்ணாடத்துக்கு வருவோம். சமணம் சார்ந்திருந்த உடம்போடு வாழ மனமில்லை, உன் குறியை இடு என்று தூங்கானைமாடக் கோயிலில் சிவனை வேண்டுகிறார் அப்பர். பூதம் ஒன்று பிறர் அறியாமல் சூலமும் இடபமும் தோளில் பொறித்துப் போகிறது. ஓலையைப் போல இதைக் கிழிக்க முடியாது, பெட்டியில் மாற்றி வைக்கவும் முடியாது. ஆனால் பொறித்த கையை யாரும் பார்க்கவில்லை.

பொருட்சான்றின் தொல்லை இதுதான். ஓலை தானே பேசும், எழுத்தை எழுத்தோடு வைத்துப் பார்க்கலாம். கொலை வழக்கில் சிக்கிய அரிவாள் பேசாது. எங்கே கிடந்தது, எடுத்தது யார், மகஜரில் கையெழுத்திட்டது யார், அரக்கு முத்திரை உடையாமல் தடய அறிவியல் கூடம் போய்ச் சேர்ந்ததா என்று அதன் பயணத்தை மனிதர்கள் சொல்ல வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு அங்கேதான் கை வைக்கும்.

பெண்ணாடத்தில் பிறந்து வெண்ணெய்நல்லூரில் வளர்ந்தவர் மெய்கண்டார். அவர் மாணவர் அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் காட்சி, கருதல் (அனுமானம்), உரை என்ற அறியும் அளவைகளைப் பேசிவிட்டே மேலே போகிறது. ஓலைக்கு உரை போதும். குறிக்குக் காட்சியும் கருதலும் சேர்ந்தே வர வேண்டும்.

நிரூபண முறையை வைத்துச் சொன்னால், வெண்ணெய்நல்லூர் வழக்கு மேல்முறையீட்டிலும் பெரும்பாலும் நிற்கும். பெண்ணாடத்துக் குறிக்குச் சான்றுப்பொருள் எண் கிடைக்கும். அதை இட்டது யார் என்பதற்கு அப்பர் ஒருவரே கூண்டேற வேண்டியிருக்கும்.